கொச்சிக் கப்பலும் கரையும் செம்பும்

செம்பு கரைந்தால்தான் படகு தப்பும். கரைந்த செம்பு யாரைக் கடிக்கும் என்பதை மட்டாஞ்சேரி நீரில் கலந்திருக்கும் கரிம மூலக்கூறுகள் முடிவு செய்கின்றன. சட்டமோ எடையை மட்டும் பார்க்கிறது.

1824-ம் ஆண்டின் வசந்த காலத்தில் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் பழுது பார்ப்பதற்காக ஒரு போர்க்கப்பல் கரையேற்றப்பட்டது. பெயர் சமராங். 28 பீரங்கிகள் கொண்டது. உடம்பு முழுக்கத் தேக்கு. அதன் அடிப்பாகத்துக்குச் செப்புத் தகடு அடிக்கப்பட்டது இந்தியாவில், 1821-ல். கப்பலே கட்டி முடிக்கப்பட்டு 1822-ன் தொடக்கத்தில் நீரில் இறக்கப்பட்டது கொச்சியில்.

பிரிட்டிஷ் கடற்படை அந்தக் கப்பலை ஒரு விஞ்ஞானியிடம் ஒப்படைத்தது. சுரங்கத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்பு விளக்கைக் கண்டுபிடித்த அதே ஹம்ஃப்ரி டேவி. அவர் சமராங்கின் அடியில் நான்கு இரும்புப் பாளங்களைப் பொருத்தினார்: முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு. வேறு எதையும் மாற்றவில்லை. கப்பல் நோவா ஸ்கோஷியா வரை போய்விட்டு 1825 ஜனவரியில் திரும்பியது. கடலில் ஓடும் ஒரு கப்பலின் அடிப்பாகத்தையே மின்முனையாக மாற்றி நடத்திய முதல் பரிசோதனை அது. இன்று கடலடிக் குழாய்களையும் எண்ணெய்க் கிணற்று மேடைகளையும் துறைமுகத் தூண்களையும் துருவிலிருந்து காப்பாற்றும் எதிர்மின்முனைப் பாதுகாப்பு என்ற பெருந்தொழில் அங்கிருந்துதான் தொடங்கியது. கொச்சியில் இதை நினைவூட்டும் ஒரு பலகைகூட இல்லாவிட்டாலும் ஆச்சரியப்பட வேண்டாம். வரலாற்றுப் புத்தகங்களே டேவியைத்தான் கொண்டாடுகின்றன, கப்பலை அல்ல.

அந்தப் பரிசோதனை கிளப்பிய கேள்வி 200 ஆண்டுகள் கழித்து மட்டாஞ்சேரிக் கால்வாயில் வேறு வேஷத்தில் நிற்கிறது. செம்பு தண்ணீரில் கரைய வேண்டுமா, கூடாதா?

மரக் கப்பல்களின் பரம எதிரி கப்பல் புழு. பெயர்தான் புழு, உண்மையில் சிப்பி இனம். மரத்துக்குள் துளைத்துக்கொண்டு போய், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாமல், உள்ளே பலகையைச் சல்லடையாக்கிவிடும். கேரளத்து உப்பங்கழிகளில் இதற்குக் குறைவே இல்லை. கூடவே பலகையின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும் கொட்டலசு, பாசி, குழாய்ப் புழு எல்லாம் சேர்ந்து படகின் எடையைக் கூட்டி, வேகத்தைக் குறைத்து, எரிபொருள் செலவை ஏற்றும். கேரள மீனவர்கள் பரம்பரையாக வள்ளத்துக்கு மத்தி எண்ணெயும் முந்திரி ஓட்டு எண்ணெயும் பூசி வந்தார்கள். பிரிட்டிஷ் கடற்படை வேறு வழி தேடி, 1761-ல் அலார்ம் என்ற கப்பலுக்குச் செப்புத் தகடு அடித்துப் பார்த்தது. புழு அண்டவில்லை. பாசியும் பிடிக்கவில்லை. ஆனால் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் அரித்துப்போயிருந்தன. தகட்டுக்கு அடியில் வைத்த பழுப்புக் காகிதம் கிழியாமல் இருந்த இடங்களில் மட்டும் ஆணி நன்றாகவே இருந்தது. இரண்டு உலோகங்கள் உப்பு நீரில் ஒன்றையொன்று தொட்டால் மின்கலம் ஆகிவிடும் என்று அன்று யாருக்கும் தெரியாது. வோல்ட்டா தன் மின்கலத்தை அறிவித்தது 1800-ல்.

டேவிக்கு அது தெரிந்திருந்தது. கடற்படையின் கவலை இந்த முறை ஆணி அல்ல. செப்புத் தகடே சில ஆண்டுகளில் கரைந்து மெலிந்துபோவது. இரும்பை வேண்டுமென்றே செம்புடன் இணைத்தால் இரும்பு கரையும். அது தரும் எலெக்ட்ரான்கள் செம்பைக் கரைய விடாமல் தடுக்கும் என்று கணக்குப் போட்டார் அவர். செம்பின் பரப்பில் ஏறத்தாழ 80-ல் ஒரு பங்கு இரும்பு சமராங்குக்குப் போதுமானதாக இருந்தது.

கப்பல் திரும்பியதும் அடிப்பாகம் முழுக்கப் பாசியும் கொட்டலசும் என்று இங்கிலாந்துப் பத்திரிகைகள் எழுதின. நேரில் போய்ப் பார்த்த டேவி அதை மறுத்தார். பின்பக்க இரும்பைச் சுற்றி மட்டும் கொஞ்சம் துரு, அதன் மேல் சிறு உயிரினங்கள், அவ்வளவுதான் என்றார். சமராங்கைப் பொறுத்தவரை அவர் சொன்னதை நம்பலாம். ஆனால் இரும்பு பொருத்திய மற்றக் கப்பல்கள் ஒவ்வொன்றாகப் பாசியுடன் வந்து சேர்ந்தபோது மறுக்க வழியில்லை. 1825-லேயே கடற்படை திட்டத்தைக் கைவிட்டது. தகடு தேயவில்லை, ஆனால் தேயாத தகட்டைக் கண்டு எந்த உயிரும் பயப்படவில்லை. செம்பு காவல் காத்தது அது கரைந்ததால்தான். (சமராங் பிறகு எட்வர்ட் பெல்ச்சரின் தலைமையில் 1840-களில் கிழக்கிந்தியத் தீவுகளை அளந்து, கடைசியில் 1883-ல் விற்கப்பட்டது.)

மட்டாஞ்சேரிக்குச் செம்பு புதிதல்ல. டச்சுக்காரர்கள் ஜப்பானியச் செம்பைக் கொண்டுவந்து இந்தக் கரையில் விற்றவர்கள். 1568-ல் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயத்தின் பெருமையே செப்பேடுகள்தான்: கி.பி. 1000 அளவில் சேர மன்னன் பாஸ்கர ரவி, ஜோசப் ரப்பானுக்கு உரிமைகள் வழங்கி வட்டெழுத்தில் பொறித்துக் கொடுத்தவை. ஆயிரம் ஆண்டு கழித்தும் எழுத்து படிக்க முடிகிறது. அதே தகட்டைச் சில நூறு மீட்டர் தள்ளிக் கால்வாயில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

செம்பு உப்பு நீரைத் தொட்டதும் அதன் மேற்பரப்பிலிருந்து அணுக்கள் எலெக்ட்ரான்களை இழந்து அயனிகளாகப் பிரியத் தொடங்குகின்றன. முதலில் ஒரு எலெக்ட்ரானை மட்டும் இழந்த அயனி பிறக்கும். கடல் நீரில் ஏராளமாக உள்ள குளோரைடு அதைக் கையோடு பிடித்துக் கரைத்து எடுத்துக்கொண்டு போகும். சற்று நேரத்தில் நீரில் உள்ள ஆக்ஸிஜன் அதன் இன்னொரு எலெக்ட்ரானையும் பறித்துவிடும். இப்போது அது இரட்டை மின்னேற்றம் கொண்ட செப்பு அயனி. பாசியின், கொட்டலசுக் குஞ்சின் செல்லுக்குள் புகுந்து நொதிகளைச் செயலிழக்கச் செய்வது இதுதான்.

இன்றைய படகுகளில் தகடு இல்லை; வண்ணம் இருக்கிறது. செப்பு ஆக்ஸைடு தூளைப் பிசினில் குழைத்த சிவப்பு வண்ணம். வேலை ஒன்றேதான். கொட்டலசு ஒட்டாமலிருக்க ஒரு சதுர சென்டிமீட்டரிலிருந்து நாளொன்றுக்குக் குறைந்தது 10 மைக்ரோகிராம் செம்பு கசிய வேண்டும் என்பது கடல்சார் வண்ணத் தொழிலில் நெடுங்காலமாகப் புழங்கும் கணக்கு. ஒரு விசைப்படகின் நீரில் மூழ்கும் பரப்பு 100 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 10 கிராம். அப்படி 500 படகுகள் கட்டியிருக்கும் துறையில் நாளைக்கு 5 கிலோ. படகுக்காரருக்கு இது பாதுகாப்பு. அந்த நீரில் வாழும் இறாலுக்கும் மீன் குஞ்சுக்கும்?

அவசரப்பட்டுப் பதில் சொல்ல முடியாது. ஏனென்றால் செப்பு அயனி தனியாக நீந்துவது அபூர்வம்.

வீட்டில் செப்புப் பாத்திரம் துலக்கியவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். கறுத்துப்போன குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளவென்று வந்துவிடும். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் ஒரு கரிம மூலக்கூறு, அதாவது உயிர்ப்பொருளிலிருந்து வரும் கார்பன் சேர்மம். அது செம்பின் மேலுள்ள ஆக்ஸைடைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரைகிறது. இதே காரணத்தால்தான் ஈயம் பூசாத பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்கக்கூடாது என்று பாட்டிகள் தடுத்தார்கள். செம்புக்குக் கரிம மூலக்கூறுகள் மீது அத்தனை ஈர்ப்பு. இரும்பு, நிக்கல், துத்தநாகம் போன்ற அதன் அண்டை உலோகங்கள் எல்லாவற்றையும்விட, நைட்ரஜனும் கந்தகமும் கார்பாக்ஸில் அமிலமும் தாங்கிய மூலக்கூறுகளைச் செம்பு இறுகப் பற்றும்.

சுத்திகரிப்பு ஆலைகள் இந்த ஈர்ப்பைக் காசாக்குகின்றன. செம்பு மின்முனையில் படியும்போது மேடு பள்ளமாகப் படியாமல் இருக்க, தொட்டியில் சிட்டிகை அளவு விலங்குப் பசையும் தயோயூரியாவும் சேர்ப்பார்கள். அந்த மூலக்கூறுகள் மேடான இடங்களில் போய் உட்கார்ந்துகொண்டு அங்கே படிவதைத் தாமதப்படுத்தும், பள்ளங்கள் நிரம்பும். கணினிச் சில்லுகளுக்குள் ஓடும் மெல்லிய செப்புக் கம்பிகள் வார்க்கப்படுவதும் இதே வித்தையால்தான்.

கொச்சி உப்பங்கழியில் இந்த வேலையை இயற்கையே செய்கிறது. பெரியாறும் மூவாற்றுப்புழையும் மலைக்காடுகளின் மக்கிய இலைகளையும் வயல் சேற்றின் சாரத்தையும் சுமந்து வருகின்றன. நீருக்குத் தேநீர் நிறம் தரும் ஹியூமிக் அமிலங்கள் அவை. கரையோரங்களில் தலைமுறை தலைமுறையாகத் தேங்காய் மட்டை ஊறவைத்த இடங்கள் உண்டு. மட்டை அழுகும்போது பாலிஃபீனால்களும் டானின்களும் பெக்டினும் நீரில் இறங்கும். முகத்தைச் சுளிக்க வைக்கும் அந்த அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அதுவும் செம்பைக் கண்டால் விடாது. நகரத்துச் சாக்கடைகள் தம் பங்குக்குப் புரதங்களையும் சோப்பையும் சேர்க்கின்றன. இத்தனை பேர் காத்திருக்கும் நீரில் ஒரு செப்பு அயனி இறங்கினால், யாராவது ஒருவர் கையில் சிக்கிக்கொள்வது நிச்சயம். சிக்கிய செம்பு பெரும்பாலும் செல்லுக்குள் நுழைவதில்லை. அதாவது கடிப்பதில்லை.

1976-ல் அமெரிக்காவில் சுண்டாவும் கில்லார்டும் நுண்பாசிகளை வைத்து நடத்திய ஆய்வு இதை நிறுவியது. நீரில் மொத்தம் எவ்வளவு செம்பு இருக்கிறது என்பது பாசியின் பிழைப்பைத் தீர்மானிக்கவில்லை. கட்டுப்படாமல் சுதந்திரமாக எவ்வளவு இருக்கிறது என்பதே தீர்மானித்தது. பிறகு வந்த அளவீடுகள் இன்னும் வியப்பானவை. 1988-ல் வெளியான ஆய்வில், வட பசிபிக்கின் மேற்பரப்பு நீரில் கரைந்திருந்த செம்பில் 99 சதவீதத்துக்கு மேல் கரிம மூலக்கூறுகளின் பிடியில் இருந்தது தெரியவந்தது. மிச்சமிருக்கும் சொற்பம் சாதாரணமானதல்ல. லிட்டருக்கு ஒரு நானோகிராம், அதாவது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு, என்ற அளவில் சுதந்திரச் செம்பு இருந்தாலே வளர்ச்சி தடைப்படும் நுண்ணுயிர்கள் கடலில் உண்டு.

இவ்வளவு நுணுக்கமான சொற்பத்தை எப்படி அளப்பது? இங்கேதான் கப்பலடியில் நடந்த நாடகம் ஆய்வுக்கூட மின்முனையின் மேல் திரும்ப நடக்கிறது.

1922-ல் பிராகாவில் யாரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டும் பாதரசத் துளியையே மின்முனையாகப் பயன்படுத்தினார். 1959-ல் நோபல் பரிசு வாங்கித் தந்த யோசனை அது. செம்பை அளக்கும் முறை அதிலிருந்து வளர்ந்தது. துளிக்கு எதிர்மின்னழுத்தம் கொடுத்துச் சில நிமிடங்கள் காத்திருந்தால், நீரில் உள்ள செப்பு அயனிகள் எலெக்ட்ரானை வாங்கிக்கொண்டு உலோகமாகிப் பாதரசத்துக்குள் சேரும். உண்டியலில் காசு சேர்ப்பது போல. பிறகு மின்னழுத்தத்தை மெல்ல எதிர்த்திசையில் நகர்த்தினால், ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் சேர்ந்த செம்பெல்லாம் ஒரே மூச்சில் வெளியேறும். வரைபடத்தில் ஒரு கூம்பு எழும். கூம்பின் உயரம்தான் செம்பின் அளவு.

ஹியூமிக் அமிலத்தின் பிடியில் உள்ள செம்பு இந்த உண்டியலில் விழாது. பெரிய மூலக்கூறு மெதுவாக நகரும். மின்முனைக்கு அருகில் வந்தாலும் அந்தக் கண நேரத்துக்குள் பிடியை விடாது. ஆகவே கூம்பு காட்டுவது சுதந்திரமாக இருக்கும் செம்பையும், தளர்வாகப் பிடிக்கப்பட்டதையும் மட்டுமே. அதே நீரில் அமிலம் சேர்த்துப் புற ஊதா விளக்கின் கீழ் சில மணி நேரம் வைத்தால் கரிமப் பொருளெல்லாம் சிதைந்துபோகும், அடைபட்ட செம்பு வெளியே வரும், கூம்பு உயரும். இரண்டு கூம்புகளுக்கும் உள்ள வித்தியாசம்தான் கட்டுண்ட செம்பு. இன்னொரு வழியும் உண்டு. நீரில் சொட்டுச் சொட்டாகச் செம்பைச் சேர்த்துக்கொண்டே போவார்கள். முதலில் கூம்பு நகராது, சேர்த்ததையெல்லாம் கரிமப் பொருள் விழுங்கிவிடும். அதன் வயிறு நிரம்பிய பிறகு கூம்பு கிடுகிடுவென்று ஏறும். அந்தத் திருப்புமுனை எங்கே என்பதை வைத்து அந்த நீர் இன்னும் எவ்வளவு செம்பைத் தாங்கும் என்று சொல்லிவிடலாம். ஒரு மீன்பிடித் துறைமுகத்துக்கு இதைவிடப் பயனுள்ள எண் வேறு இருக்க முடியாது.

சிக்கல் இல்லாமல் இல்லை. கரிம மூலக்கூறுகள் செம்பைப் பிடிப்பதோடு நிற்பதில்லை. மின்முனையின் மேலும் படிந்து அதன் கண்ணைக் கட்டிவிடும். செம்பு இருந்தும் கூம்பு குட்டையாகும், அல்லது இடம் மாறும். கப்பலடியில் நடப்பதும் இதுவே. படகை நீரில் இறக்கிய சில நிமிடங்களில் புரதமும் சர்க்கரைச் சேர்மங்களும் அதன் மேல் ஒரு மெல்லிய படலமாகப் படிகின்றன. அதன் மேல் பாக்டீரியா, அதன் மேல் செம்பைப் பொறுத்துக்கொள்ளும் ஒருசில டயாட்டம் பாசிகள். அவை சுரக்கும் வழவழப்பான கூழ் கசிந்துவரும் செம்பை வழியிலேயே மடக்கிவிடும். அதற்கப்பால் வந்து அமரும் கொட்டலசுக் குஞ்சுக்கு விஷம் எட்டுவதே இல்லை. ஹெய்ரோவ்ஸ்கியின் சாமர்த்தியம் துளி சொட்டிக்கொண்டே இருந்ததில் இருக்கிறது: சில விநாடிக்கு ஒருமுறை அழுக்குப் பட்ட மேற்பரப்பு உதிர்ந்து, புத்தம் புதிய பரப்பு பிறந்துவிடும். பல பத்தாண்டுகள் கழித்துக் கப்பல் வண்ணத் தொழிலும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. மேற்படலம் நீரோட்டத்தில் தானாகத் தேய்ந்து அடுத்த படலம் வெளியே தெரியும் வண்ணங்கள் அவை. வண்ணக்காரர்கள் பாதரசத் துளியைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள் என்று சொல்லவில்லை. பிரச்னை ஒன்றானால் தீர்வும் ஒன்றாகத்தான் இருக்கும் போலிருக்கிறது.

அந்தத் தேயும் வண்ணங்களில் முதலில் புகழ் பெற்றது டிரைபியூட்டைல் டின் என்ற வெள்ளீயச் சேர்மம். கொட்டலசை விரட்டுவதில் அதற்கு இணையில்லை. சிப்பிகளையும் நத்தைகளையும் ஊனமாக்குவதிலும் இணையில்லை. பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்தது. 2001-ல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு தடை ஒப்பந்தம் கொண்டுவந்தது. 2008 செப்டம்பரில் அது அமலுக்கு வந்தது. உலகம் மறுபடி செம்பிடம் திரும்பியது. இப்போதைய வண்ணங்களில் செப்பு ஆக்ஸைடுடன் பைரித்தியோன் போன்ற கரிம மூலக்கூறுகளும் கலக்கப்படுகின்றன. பைரித்தியோன் துத்தநாகத்தோடு சேர்ந்து வந்தாலும், பக்கத்தில் செம்பு இருந்தால் துத்தநாகத்தைக் கழற்றிவிட்டுச் செம்போடு சேர்ந்துகொள்ளும். இந்தச் சேர்க்கை தனிச் செம்பைப் போல அடங்கிப் போவதில்லை என்பதால், கட்டுண்ட செம்பெல்லாம் சாது என்று முடிவு கட்டிவிடவும் முடியாது.

மட்டாஞ்சேரிக்கு எதிர்க்கரையில், ராபர்ட் பிரிஸ்டோ காலத்தில் துறைமுகத்துக்காகத் தூர்வாரிய மண்ணால் உருவான வில்லிங்டன் தீவில், மத்திய மீன்பிடித் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. 1957-ல் தொடங்கப்பட்ட இந்த நிறுவனம் செம்போடு நீண்ட காலமாக மல்லுக்கட்டுகிறது. மலிவான ரப்பர் மரத்தைச் செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்தில் ஊறவைத்து வள்ளம் கட்டலாம் என்று காட்டியது அவர்கள்தான். அண்மைக் கால முயற்சி இன்னும் சுவாரஸ்யமானது. கூண்டுகளில் மீன் வளர்ப்பவர்களுக்கு வலையில் படியும் பாசி பெரிய தலைவலி. கண்ணிகள் அடைபட்டு உள்ளே நீரோட்டம் நின்றுபோகும். பாலிஎத்திலீன் வலையில் செம்பு தானாக ஒட்டாது. அதனால் வலையின் மேல் முதலில் பாலிஅனிலின் என்ற மின்சாரம் கடத்தும் கரிமப் பாலிமரைப் படியவைத்து, அதன் நைட்ரஜன்களின் பிடியில் நானோ அளவு செப்பு ஆக்ஸைடைப் பொருத்திப் பார்த்தார்கள். கழியில் செம்பைக் கட்டிப்போடும் அதே ஈர்ப்பு இங்கே மனிதனுக்கு வேலை செய்கிறது. செம்பு இருக்கிறது, ஆனால் கொட்டித் தீர்ப்பதில்லை. பரப்பின் மேல் வந்து அமர்பவருக்கு மட்டும் எட்டுகிறது. கண்மூடித்தனமாகக் கிலோக்கணக்கில் கசியவிடும் வண்ணத்தைவிட இது புத்திசாலித்தனமான வழி என்பதில் சந்தேகமில்லை.

சட்டத்தின் பக்கம் இத்தனை நுணுக்கம் கிடையாது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின்படி தொழிற்சாலைக் கழிவு நீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் வரை செம்பு இருக்கலாம். ஆற்றில் விட்டாலும் அதே 3, சாக்கடையில் விட்டாலும் 3, கடலில் விட்டாலும் 3. குடிநீருக்கு 0.05 மில்லிகிராம், வேறு நீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை. எல்லாமே எடை. நீரில் கரிமப் பொருள் எவ்வளவு, உப்பு எவ்வளவு, அமிலத்தன்மை எவ்வளவு என்ற கேள்வியே இல்லை. அமெரிக்கா 2007-லேயே நன்னீருக்கான செப்பு வரம்பை இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டு நீருக்கு நீர் மாற்றி நிர்ணயிக்கும் முறைக்கு வந்துவிட்டது. ஒரே எண் இருப்பதால் இரண்டு விதமாகத் தவறு நேர்கிறது. மக்கிய சாரம் நிறைந்த கலங்கல் நீரில் தீங்கில்லாத செம்புக்காக ஒரு சிறு ஆலைமீது பாய்கிறோம். தெளிந்த நீரில் வரம்புக்கு வெகு கீழே இருக்கும் செம்பு குஞ்சுகளைக் கொல்லும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம்.

கொச்சியில் இந்த வித்தியாசம் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2002-ல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற வேம்பநாட்டு ஈரநிலத்தின் வாயில் இது. படகு வண்ணம் மட்டுமல்லாமல், ஏலம், மிளகு, ரப்பர்த் தோட்டங்களில் பூஞ்சாணத்துக்காக மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிக்கும் போர்டோ கலவையின் செம்பும் மழையோடு இறங்கி வருகிறது. பெரியாற்றின் ஓரத்தில் ஏலூர், எடயார் தொழிற்பேட்டைகள். 2024 மே மாதம் அங்கே கூண்டு மீன்கள் உட்பட ஏராளமான மீன்கள் செத்து மிதந்தபோது காரணம் ஆக்ஸிஜன் பற்றாக்குறையா, ரசாயனக் கழிவா என்று பெரிய சர்ச்சை எழுந்தது. அதில் செம்பு குற்றவாளியாகப் பேசப்படவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் நீரைப் பாட்டிலில் பிடித்து மொத்த எடையை அளப்பதோடு வேலை முடிந்தது என்று நினைக்கும் பழக்கம் எவ்வளவு பலவீனமானது என்பதை அந்தச் சர்ச்சை காட்டியது. செத்த மீனுக்கு எடை பதில் சொல்லாது.

அடியில் கிடக்கும் சேறு வேறொரு கவலை. நாற்றமடிக்கும் கறுப்புச் சேற்றில் செம்பு சல்ஃபைடாக உறைந்து கிடக்கிறது. அப்படியே கிடக்கும் வரை தொந்தரவு இல்லை. கொச்சித் துறைமுகத்திலோ வண்டல் படிவது நிற்பதில்லை, தூர்வாருவதும் நிற்பதில்லை. சேற்றைக் கிளறி ஆக்ஸிஜன் படவைத்தால் சல்ஃபைடு சிதையும், செம்பு மறுபடி அயனியாகும். அப்போது அதைப் பிடித்துக்கொள்ளக் கரிம மூலக்கூறு போதுமான அளவில் அருகில் இருக்கிறதா என்பதுதான் எல்லாம். மட்டை ஊறவைக்கும் தொழில் சுருங்கி, சாக்கடை சுத்திகரிக்கப்பட்டு, நீர் தெளியத் தெளிய அந்தப் பிடிப்புச் சக்தி குறையும். சாக்கடையைச் சுத்திகரிக்க வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். செம்பு விடும் அளவையும் சேர்த்துக் குறைக்காவிட்டால், நல்ல காரியமே பாதகமாகும்.

இத்தனைக்கும் இறாலுக்கும் நண்டுக்கும் செம்பு பகையல்ல. நம் ரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையை அவற்றின் ரத்தத்தில் செம்பு செய்கிறது. ஹீமோசயனின் என்ற புரதத்தில் அமர்ந்து ஆக்ஸிஜனைச் சுமக்கிறது. அதனால் அவற்றின் ரத்தம் நீலம்.

அளக்கும் கருவிகளும் மாறி வருகின்றன. 2013-ல் உருவாகி 2017-ல் அமலுக்கு வந்த மினமாட்டா ஒப்பந்தத்துக்குப் பிறகு ஆய்வுக்கூடங்கள் பாதரசத்தைக் கைகழுவத் தொடங்கின. பிஸ்மத் பூசிய மின்முனை ஈயத்துக்கும் காட்மியத்துக்கும் நன்றாக வேலை செய்கிறது, செம்புக்குச் சரிப்படவில்லை. இரண்டும் ஏறத்தாழ ஒரே மின்னழுத்தத்தில் வெளியேறுவதால் கூம்புகள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். மாற்று வழி, எதிரியையே வேலைக்கு வைத்துக்கொள்வது. தங்க மின்முனையின் மேல் செம்பை விரும்பிப் பிடிக்கும் ஒரு கரிம மூலக்கூறை வரிசையாக நட்டுவைப்பார்கள். கிளைசின், கிளைசின், ஹிஸ்டிடின் என்ற மூன்று அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி இதற்கு ஏற்றது. நம் ரத்தத்தில் செம்பைச் சுமந்து செல்லும் அல்புமின் புரதத்தின் நுனியும் இதே மாதிரி அமைப்புத்தான். நீரில் நனைத்து எடுத்தால் செம்பு மட்டும் தூண்டிலில் மாட்டியிருக்கும். இப்படி மூலக்கூறு பூசிய மின்முனைகளைச் சிறிதாகவும் மலிவாகவும் செய்ய முடியும் என்பதால், ஆய்வுக்கூடத்துக்குப் பாட்டில் அனுப்பிக் காத்திருக்காமல் படகுத்துறையிலேயே அளக்கும் வாய்ப்பு திறக்கிறது.

அளக்க வேண்டிய நேரமும் தெரிந்ததே. கேரளத்தில் விசைப்படகு இழுவலைத் தடை ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கி ஜூலை 31 வரை 52 நாள் நீடிக்கிறது. மட்டாஞ்சேரியை அடுத்த தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் கேரளப் படகுகளோடு கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதி மீனவர்களின் படகுகளும் தொழில் செய்கின்றன. படகுகளைக் கரையேற்றிச் சுரண்டி, வண்ணம் அடிப்பதற்கு இந்த ஓய்வு நாட்களே வசதி. இரும்புப் படகென்றால் செப்பு வண்ணத்துக்கு அடியில் தடுப்புப் பூச்சு தேவை. அலார்ம் கப்பலின் பழுப்புக் காகிதம் செய்த வேலையை இப்போது அது செய்கிறது. புதிதாக அடித்த வண்ணத்திலிருந்து முதல் சில வாரங்களில்தான் செம்பு அதிகம் கசியும். தடை முடியும் ஆகஸ்டில் கழியின் நீர் ஏறத்தாழ நன்னீர். உப்பு வெளியேறியிருக்கும், கடலிலிருந்து வந்த கொட்டலசுகள் மடிந்திருக்கும், மலையிலிருந்து வந்த மக்கிய சாரம் உச்சத்தில் இருக்கும். அக்டோபர், நவம்பரில் உப்பு திரும்பி வரும்போது சாரம் குறையும், புதிய கொட்டலசுக் குஞ்சுகளும் இறால் குஞ்சுகளும் ஒரே நேரத்தில் கழிக்குள் நுழையும். ஆகஸ்டில் ஒரு முறை, நவம்பரில் ஒரு முறை, தோப்பும்படியிலிருந்து மட்டாஞ்சேரிப் படகுத்துறை வரை சில இடங்களில் அந்தத் திருப்புமுனை எண்ணை அளக்க ஒரு மின்முனையும் ஒரு பட்டதாரி மாணவரும் ஒரு படகும் போதும்.